சாவா மூவாப் பேராடு



திருவிழா நாட்களில் இறைவன் திருமுடியில் பால் சொரியக் காண்கின்றோம்; கருவறையில் நெய்விளக்குச் சுடர்விடக் காண்கின்றோம்; கண்குளிர்ந்து கைகூப்புகின்றோம். அப்பாலையும் நெய்யையும் தந்த வாயில்லாச் சீவன்கள் நலமாயுள்ளனவா என்று நாம் கேட்பது அரிது. நம் முன்னோர் கேட்டனர். கேட்டதோடு நில்லாது கல்லிலும் வெட்டி வைத்தனர்.

தஞ்சை இராசராசேச்சுரம் முதலாம் இராசராசன் எடுப்பித்து 1010ஆம் ஆண்டில் நிறைவுறுத்திய திருக்கோயில். அதன் கல்வெட்டுக்களில் திருவிளக்குக்குக் கால்நடை விட்ட அறச்செயல்கள் பல காணப்படுகின்றன. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். அவற்றை ஏற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். சோழர்காலக் கல்வெட்டுக்கள் இத்தகைய ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்று குறிக்கின்றன.

ஆடு சாகாதிருக்குமோ? மூப்பெய்தாதிருக்குமோ? பொருள் அதுவன்று. இறந்தவற்றுக்கும் கிழடானவற்றுக்கும் ஈடாகக் குட்டிகளைச் சேர்த்து, தொகை என்றும் குறையாது காத்தல் இடையர் கடன் என்பதே பொருள். ஆகவே 'சாவா மூவா' என்பது ஆடு பெற்ற வரம் அன்று. காப்போர் ஏற்ற கடமை. மந்தை நலிந்தால் நெய் குறையும். நெய் குறைந்தால் விளக்கு அவியும். எனவே எந்தப் புல் நல்லது, எந்தச் செடி நஞ்சு, மழைக்காலத்தில் எங்கே கிடை போடுவது, எந்த ஆடு மேய்ச்சலில் பின்தங்குகிறது என்பவற்றையெல்லாம் இடையர் அறிந்திருந்தாலன்றி அக்கடன் நிறைவேறாது. மருந்துக்கு முன் பேணல் என்பதே அவர் கண்ட மருத்துவம்.

இவ்வுண்மையைத் திருமூல நாயனார் வரலாறு உருக்கமாய் உணர்த்துகின்றது. சாத்தனூர் மேய்ப்பனாகிய மூலன் இறந்து கிடக்க, பசுக்கள் அவனைச் சுற்றிச்சுற்றி மோந்து கதறின. அவற்றின் துயர் தீர்த்தற்பொருட்டன்றோ அச்சிவயோகியார் மூலன் உடலிற் புகுந்தருளினார்! அவர் அன்று செய்த முதற் சிகிச்சை பச்சிலை அன்று. பழகிய மேய்ப்பனைப் பசுக்களுக்கு மீட்டுக் கொடுத்தமையே.

பின்வந்தோர் இவ்வறிவை ஏட்டில் ஏற்றினர். மாட்டுவாகடம் எனும் பெயரால் வழங்கும் சுவடிகள் அவ்வழி வந்தவை. 1798 முதல் 1832 வரை தஞ்சையில் வீற்றிருந்த இரண்டாம் சரபோசி மன்னர் தன்வந்திரி மகாலை அமைத்து, மனிதர்க்கேயன்றி விலங்குகட்கும் மருந்து ஆராயச் செய்தார்.

பழையன யாவும் நன்று என்று நாம் சொல்லவில்லை. நோயுற்ற மாட்டுக்குச் சூடு போட்டு அதனை மேலும் வருத்திய வழக்கமும் நம்மிடையே இருந்தது. வெக்கை நோய் ஊர்களிற் புகுந்தபோது பச்சிலை தோற்றது, தொழுவங்கள் வெறுமையாயின. அதனை வென்றது தடுப்பூசி. 1954இல் நம் நாட்டில் தொடங்கிய ஒழிப்புத் திட்டம் ஊர்தோறும் சென்றது. 2011ஆம் ஆண்டில் அந்நோய் உலகினின்றே நீங்கியதாக அறிவிக்கப்பட்டது. கோமாரிக்கும் தடுப்பூசியே அரண். அதனை மறுத்து மஞ்சளை மட்டும் நம்புதல் பத்தியாகாது, பேதைமையாம்.

ஆயினும் பச்சிலைக்குரிய இடம் போய்விடவில்லை. கறவைப் பசுவுக்கு வரும் மடிவீக்கத்திற்குச் சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, நீரிற் கரைத்து, பாலைக் கறந்து கழுவிய மடி முழுதும் நாளொன்றுக்குப் பலமுறை பூசும் முறையை இன்று கால்நடைப் பல்கலைக்கழகத்தாரும் தேசியப் பால்வள வாரியத்தாரும் பரப்பி வருகின்றனர். ஊசி மருந்தின் எச்சம் பாலிற் கலத்தலைக் குறைத்தல் அதன் நோக்கங்களுள் ஒன்று. காய்ச்சல் கண்டாலும் தீனி மறுத்தாலும் மருத்துவரை அழைத்தல் வேண்டும். பழைமையும் புதுமையும் பசுவின் காலடியிற் பகை மறக்கின்றன.

இனி, சொல்லக் கூசும் ஒன்றைச் சொல்லுகின்றோம். சில ஆண்டுகட்கு முன் ஒரு திருக்கோயில் விழாவுக்குச் சொற்பொழிவாற்றச் சென்றிருந்தோம். காலையிற் பசுமடம் சென்று, ஒரு பசுவுக்குப் பொங்கலும் பழமும் கொடுத்து வணங்கினோம். எமக்கு முன்னும் பின்னும் அன்பர் பலர் அவ்வாறே கொடுத்தனர். மாலையில் அப்பசு வயிறு ஊதி, அசைபோடாது சாய்ந்து கிடந்தது. மருத்துவர் வருமுன் உயிர் நீத்தது. புல்லுக்கும் வைக்கோலுக்கும் அமைந்த இரைப்பையில் சோறும் இனிப்பும் மிகுந்தால் புளிப்புப் பெருகி உயிரையே போக்கும் என்று அவர் விளக்கினார். அப்பசுவை நோய் கொல்லவில்லை. எம் புண்ணிய வேட்கை கொன்றது. அன்றிரவு பசுக்காப்பைப் பற்றிப் பேச எமக்கு நா எழவில்லை.

பசுவுக்கு ஒரு வாயளவு என்று திருமூலர் அளவு சொல்லி அறம் வகுத்ததன் நுட்பம் அன்றே எமக்கு விளங்கிற்று. அன்புக்கும் அளவு வேண்டும். அறிவு அதற்குத் துணை வேண்டும்.

ஆதலின் அன்பர்களே, பசுமடத்திற்குப் பொங்கலும் பழக்குலையும் சுமந்து செல்லாதீர். ஒரு பிடி பசும்புல், அகத்திக்கீரை சிறிது, தூய நீர் ஆகியன போதும். பசுவைத் தானம் செய்வோர் அதன் தீவனத்திற்கும் மருத்துவத்திற்கும் வழி வைத்துச் செய்க. இராசராசன் காலத்தில் விளக்கு வைத்தோர் ஆட்டைக் கொடுத்ததோடு அமையாமல், அதனைக் காப்பவரையும் குறித்து வைத்தனர். கொடுப்பது ஒருநாள் அறம். காப்பது நாள்தோறும் அறம். அவ்வறம் உள்ளவரை ஆடும் பசுவும் சாவா மூவா. அவற்றால் எரியும் விளக்கும் அவியாது.

திருச்சிற்றம்பலம்