பாலாமையும் செங்காது ஆமையும்

மும்பை கிராஃபர்ட் மார்க்கெட்டின் மீன்தொட்டிக் கடைகளில் உள்ளங்கைக்குள் அடங்கும் பச்சை ஆமைக்குஞ்சுகளை விற்பார்கள். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருப்பதால் அது செங்காது ஆமை. சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பிப் படுகை. நம் ஏரி குளங்களுக்கே உரியது பாலாமை. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் வீடுகளில் வளரும் நம் பிள்ளைகள் தொட்டியில் பார்ப்பது முதலாவதைத்தான்.

செங்காது ஆமையின் முதுகு கெட்டித் தகடுகளால் ஆனது. பாலாமையின் ஓட்டைத் தோல் போர்த்தியிருக்கிறது. அடிவயிற்றில் இரண்டு மடல்கள் உண்டு. பின்கால்களை இழுத்துக்கொண்டதும் மடல்கள் கதவுபோல மூடிக்கொள்கின்றன.

இரண்டும் அஞ்சும் பருவங்கள் வேறு. செங்காது ஆமை குளிருக்கு அஞ்சி, குளத்தின் அடியில் அசையாமல் கிடக்கும். பாலாமை வறட்சிக்கு அஞ்சி, குளம் வற்றும்போது சேற்றுக்குள் புதைந்து மழைக்குக் காத்திருக்கும். மும்பையில் அந்தக் கடுங்குளிர் கிடையாது. வந்தேறியான செங்காது ஆமை ஆண்டு முழுவதும் இரை தேடலாம்.

இரையிலும் இரண்டும் மோதுகின்றன. நத்தை, மீன், தவளை, செத்த உடல், நீர்ச்செடி எல்லாமே பாலாமைக்கு உணவு. குளத்தைச் சுத்தமாக வைப்பதும் அதுவே. செங்காது ஆமையும் ஊனும் செடியும் தின்னும். இடத்துக்கும் போட்டிதான்: ஐரோப்பியக் குளத்து ஆமைகளோடு சேர்த்து வைத்த சோதனைகளில், வெயில் காயும் நல்ல இடங்களைச் செங்காது ஆமைகளே பிடித்துக்கொண்டன. 1997-இல் ஐரோப்பிய ஒன்றியம் இதன் இறக்குமதியைத் தடை செய்தது. உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலிலும் இது இருக்கிறது.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாலாமையை முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறது. ஆனாலும் அதை இறைச்சிக்காகப் பிடிக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய செங்காது ஆமையோ ஓரடி நீளம்வரை வளர்கிறது. தொட்டி போதாமல் போகிறது. இரக்கப்பட்டு அதைக் குளத்தில் விடுகிறோம். ஒன்றுக்குக் காட்டும் அந்த இரக்கம் இன்னொன்றின் இடத்தைப் பறிக்கிறது.

இதில் ஆமையின் குற்றம் ஒன்றுமில்லை. பிழை நம்முடையது, திருத்தமும் நம் கையில்தான். செங்காதுக் குஞ்சை வாங்காதீர்கள். ஏற்கெனவே வளர்த்தால் கடைசிவரை வளருங்கள். பவாய் ஏரியிலோ கோவில் குளத்திலோ விடாதீர்கள். மழை நாளில் சாலையில் பாலாமையைக் கண்டால், வீட்டுக்குக் கொண்டுபோகாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.