ஸ்டர்ஜிஸ்

போர்க்காலச் சரக்குக் கப்பலின் உடலில் அமெரிக்கத் தரைப்படை அமைத்த மிதக்கும் அணுமின் நிலையம். 1945-இல் ஃபுளோரிடாவில் ‘சார்லஸ் எச். குகல்’ என்ற பெயரில் கட்டப்பட்ட லிபர்ட்டி வகைக் கப்பல் இது. பெட்டிகளில் அடைத்த விமானங்களை ஏற்ற ஏதுவாகச் சரக்கறைகள் பெரிதாக அமைந்திருந்தன. போருக்குப் பின் இருப்புக் கப்பல்களோடு நின்றது. 1960-களில் அலபாமாவின் மொபைல் துறைமுகத்தில் இதன் இயந்திரங்கள் அகற்றப்பட்டன. நடுப்பகுதி வெட்டியெடுக்கப்பட்டு, 10 மெகாவாட் அணு உலையைத் தாங்கும் அகன்ற புது நடுப்பகுதி பொருத்தப்பட்டது. இதுவே உலகின் முதல் மிதக்கும் அணுமின் நிலையம் எனப் பொதுவாகச் சொல்வர். சோவியத் பனியுடைப்புக் கப்பல் ‘லெனின்’ இதற்கு முந்தியதே. ஆனால் அதன் உலைகள் கப்பலை ஓட்டவே பயன்பட்டன, கரைக்கு மின்சாரம் அனுப்பவில்லை.

1968-இல் இழுவைக் கப்பல்கள் இதைப் பனாமா கால்வாய்ப் பகுதியின் காட்டூன் ஏரிக்குக் கொண்டுசென்றன. ஸ்டர்ஜிஸின் பயனை மெகாவாட்டில் அளப்பதைவிடத் தண்ணீரில் அளப்பதே பொருத்தம். கடல்மட்டத்துக்குச் சுமார் 26 மீட்டர் மேலுள்ள அந்த ஏரியின் நன்னீரே மதகறைகளை நிரப்பிக் கப்பல்களை ஏற்றி இறக்குகிறது. ஒரு கப்பல் கடக்க ஏறத்தாழ 20 கோடி லிட்டர் கடலுக்குப் போய்விடும். அதே நீர்தான் காட்டூன் அணையின் மின்விசையாழிகளையும் சுழற்றியது. வியட்நாம் போரால் போக்குவரத்து பெருகியிருந்த காலத்தில், கோடையில் இரண்டுக்கும் நீர் போதவில்லை. ஸ்டர்ஜிஸ் தந்த மின்சாரத்தின் அளவுக்கு விசையாழிகளுக்குப் போகவேண்டிய நீர் ஏரியிலேயே தங்கியது. நாளொன்றுக்குக் கூடுதலாகச் சுமார் 15 கப்பல்கள் கடக்க இது உதவியதாக ஒரு மதிப்பீடு உண்டு. ஆனால் அந்தப் பெருமையில் ‘ஆண்ட்ரூ ஜே. வெபர்’ என்ற மற்றொரு மின்படகுக்கும் பங்குண்டு. எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். சாதாரண எரிபொருளில் இயங்கிய வெபரும் அதே வேலையைச் செய்ததால் அணு உலை தேவையற்றது என்று வாதிடலாம். அதில் நியாயம் இருக்கிறது. ஆயினும் அது உலைத் தேர்வைப் பற்றிய குறையே. மின்நிலையத்தை நீர்ப்பஞ்சம் உள்ள இடத்துக்கே மிதக்கவிட்டுக் கொண்டுவந்த உத்தியை வெபரின் பணியும் உறுதிப்படுத்துகிறது.

கரையில் மின்உற்பத்தி பெருகியதும், ஒரேயொரு மாதிரியாக நின்றுவிட்ட உலையின் பராமரிப்புச் செலவு பாரமாயிற்று. 1976-இல் பணி முடிந்தது. எரிபொருள் அகற்றப்பட்டு, வர்ஜீனியாவின் ஜேம்ஸ் ஆற்றில் நெடுங்காலம் நிறுத்தப்பட்டது. 2015-இல் டெக்சாஸின் கால்வெஸ்டனுக்கு இழுத்துச் செல்லப்பட்டு உலை பிரிக்கப்பட்டது; எஞ்சிய கப்பலுடல் பின்னர் பிரவுன்ஸ்வில்லில் உடைக்கப்பட்டது. ஆனால் இந்த உத்தி அதோடு மறையவில்லை: 2019 டிசம்பரில் ரஷ்யாவின் ‘அகாதெமிக் லொமனோசவ்’ மிதக்கும் அணுமின் நிலையம் பெவெக் நகருக்கு மின்சாரம் தரத் தொடங்கியது.