வீட்டுக் கணினியில் குடியேறிய சேவையகம்

கல்முனைப் பட்டினத்திலிருந்து மேற்கே சென்று, கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து நாவிதன்வெளிப் பக்கம் போவோர்க்கு வயல்வெளிகளின் நடுவே சொறிக்கல்முனை என்னும் ஊர் எதிர்ப்படும். மாரி காலத்தில் தாம்போதியின் மேல் வெள்ளம் பாயத் தொடங்கிவிட்டால், அப்பகுதி மக்களுக்குக் கல்முனை அருகிலிருந்தும் எட்டாத ஊராகிவிடும். பாதை அற்றுப்போகும்பொழுது செய்தியும் அற்றுப்போவது என்றால் என்ன என்பதை இவ்வட்டாரத்தார்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, பூரணை தினம். அன்று காலை ஒன்பது மணிக்கு முன்னரே கிழக்குக் கரையில் கடற்கோள் ஏறிவிட்டது. பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என அடுத்தடுத்திருந்த ஊர்களின் கடலோர வீதிகள் சில நிமிடங்களில் இல்லாதொழிந்தன. இலங்கையில் உயிரிழந்த முப்பத்தையாயிரத்துக்கும் அதிகமானோருள் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தவர். நாட்டில் வேறெந்த மாவட்டமும் இத்துணை உயிர்களை இழக்கவில்லை.

உயிர் தப்பியவர்கள் பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் கோயில்களிலும் அடைக்கலம் புகுந்தனர். அவர்கள் முன்னே நின்ற கேள்வி ஒன்றுதான்: தாய் எங்கே, மகன் எங்கே, எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் யார் இருக்கின்றார்? ஒவ்வோர் இடத்திலும் பெயர்கள் தாளில் எழுதப்பட்டன. ஆனால் ஓரிடத்துத் தாள் மற்றோர் இடத்துத் தாளை அறியாது. முகம்மது என்னும் ஒரு பெயரையே முஹம்மத் என்றும் மொகமட் என்றும் எழுதுவோர் உளர். ஆங்கிலத்தில் எழுதப் புகுந்தால் அதன் வடிவங்கள் இன்னும் பெருகும். சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் சிதறிக் கிடந்த பெயர்களை ஒரே ஏட்டில் திரட்ட வேண்டியிருந்தது. அந்த ஏட்டைப் பல ஊர்களிலிருந்தும் பலர் ஒரே வேளையில் புரட்டவும் வேண்டியிருந்தது. இத்தகைய ஏட்டைக் காத்துக் கேட்போர்க்கெல்லாம் எடுத்துக் கொடுக்கும் கணினியே சேவையகம் எனப்படுவது.

கொழும்பில் தகவல் தொழில்நுட்பத் துறையைச் சார்ந்த தொண்டர்கள் சில நாட்களுக்குள் இப்பணியில் இறங்கினர். 2003 ஆம் ஆண்டில் தோன்றிய லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசன் என்னும் அமைப்பு அவர்களை ஒருங்கிணைத்தது. கலாநிதி சஞ்சீவ வீரவர்ண அவ்வமைப்பை நிறுவியவர்களுள் ஒருவர். காணாமற் போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, உதவும் நிறுவனங்களின் பதிவு, தேவைகளின் பதிவு ஆகிய நான்கையும் கொண்டு எழுந்த அம்மென்பொருளுக்குச் சஹானா என்று பெயரிட்டனர். சிங்களத்தில் அச்சொல்லுக்கு நிவாரணம், ஆறுதல் என்பது பொருள். கடற்கோளின் பின் கொழும்பில் அமைந்த தேசிய செயற்பாட்டு நிலையம் அதனைப் பயன்படுத்தியது.

அவர்கள் யாரிடமும் உரிமம் கேட்டுக் காத்திருக்கவில்லை என்பதே இங்கு ஊன்றி நோக்கத்தக்கது. லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமை, அப்பாச்சி என்னும் வலைச் சேவை நிரல், மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தளம், பிஎச்பி என்னும் நிரல்மொழி ஆகிய நான்கின் மேல் சஹானா கட்டப்பட்டது. நான்கையும் எவரும் எடுத்துச் சாதாரண கணினியில் நிறுவலாம். இந்நிலை தானாக வந்ததன்று.

அமெரிக்கத் தொலைபேசிக் கம்பனியின் பெல் ஆய்வுகூடத்தில் 1969 ஆம் ஆண்டில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் யுனிக்ஸ் என்னும் முறைமையைத் தொடங்கினர். பலர் ஒரே பொறியைப் பகிர்ந்துகொள்வதற்கென அமைந்தது அது. 1956 ஆம் ஆண்டின் நீதிமன்றத் தீர்வொன்றினால் அக்கம்பனி கணினி வணிகத்தில் இறங்க இயலாதிருந்தது. ஆகவே பல்கலைக்கழகங்களுக்கு யுனிக்ஸ் குறைந்த கட்டணத்தில் கிடைத்தது. 1984 இல் கம்பனி பிரிக்கப்பட்டுத் தடை நீங்கியதும் யுனிக்ஸ் முழு வணிகப் பொருளாயிற்று. நேற்றுவரை மாணவர் பார்த்துப் பயின்ற மூல நிரல் பூட்டுக்குள் போயிற்று.

இப்பூட்டை ஏற்க மறுத்தவர் மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்திலிருந்த ரிச்சட் ஸ்டோல்மன். 1983 செப்டெம்பர் 27 ஆம் நாள், யுனிக்ஸைப் போன்ற கட்டற்ற முறைமையொன்றைத் தாமே ஆக்கப்போவதாக அவர் அறிவித்தார். ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் வழங்குவதனால், அவர் வாழ்நாளெல்லாம் அதற்கு விளக்கம் கூற வேண்டியதாயிற்று. தமிழில் இலவசம் வேறு, கட்டின்மை வேறு. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. பயன்படுத்தவும், ஆராயவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமை தந்து, அவ்வுரிமையை அடுத்தவர்க்கும் விட்டுச்செல்ல வேண்டுமென விதிக்கும் பொது உரிமம் 1989 இல் வெளிவந்தது. கருவிகள் பல ஆயத்தமாகிவிட்டன. ஆனால் முறைமையின் நடுநாடியாகிய கருநிரல் மட்டும் முற்றுப்பெறவில்லை.

அக்குறையை நிரப்பியவர் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ். 1991 ஜனவரியில் அவர் 386 வகைக் கணினியொன்றைத் தவணைப் பணத்தில் வாங்கினார். பேராசிரியர் அன்ட்றூ டனன்போம் மாணவர்க்கென ஆக்கிய மினிக்ஸ் என்னும் சிறு முறைமையை அதில் நிறுவிப் பார்த்து, அது போதாமையால் தாமே ஒன்றை எழுதத் தொடங்கினார். ஓகஸ்ட் 25 ஆம் நாள் அச்செய்தியைப் பிறர்க்கு அறிவிக்கையில், இது வெறும் பொழுதுபோக்கு, பெரிதாக வராது என்ற பொருள்படவே எழுதினார். சில மாதங்களுள் நேர்ந்த ஒரு விபத்து வேடிக்கையானது. பல்கலைக்கழகக் கணினியோடு தொலைபேசி வழியாகத் தொடர்புகொள்ள அவர் இட்ட கட்டளை, மொடெம் கருவிக்குச் செல்லாமல் தவறுதலாக வன்தட்டுக்குச் சென்று, மினிக்ஸ் இருந்த பகுதியைச் சிதைத்துவிட்டது. மினிக்ஸை மீள நிறுவுவதா, தம் சொந்த முறைமையிலேயே முற்றாகக் குடியேறுவதா என்று எண்ணியவர் இரண்டாவதைத் தெரிந்தார். அவரது முதல் உரிமம் படிகளுக்குப் பணம் வாங்குவதைத் தடுத்தது. 1992 இன் தொடக்கத்தில் அதைக் கைவிட்டு ஸ்டோல்மனின் பொது உரிமத்தை ஏற்றார். காசுக்கு விற்கவும் இடங்கொடுத்த அந்த மாற்றமே லினக்ஸை ஊரெங்கும் கொண்டு சென்றது எனலாம். அதே ஜனவரியில் டனன்போம் அதன் அமைப்பு காலாவதியானது என்று தீர்ப்பளித்தார். பேராசிரியர்களின் தீர்ப்பும் சில வேளைகளில் பிழைப்பதுண்டு.

கருநிரல் கிடைத்தாலும் அதனை வீட்டுக் கணினியில் குடியேற்றுவது எளிதாக இருக்கவில்லை. 1993 ஜூலையில் பற்றிக் வொல்கர்டிங் வெளியிட்ட ஸ்லக்வெயார் என்னும் தொகுப்பு இருபதுக்கும் மேற்பட்ட நெகிழ் வட்டுகளில் அடங்கியது. ஒன்றை இட்டு, அது படித்து முடியுமட்டும் காத்திருந்து, மற்றொன்றை இட வேண்டும். இடையில் ஒரு வட்டுப் பழுதுற்றால் அன்றைய உழைப்பு வீண். அதே ஆண்டு ஓகஸ்ட் 16 ஆம் நாள், பர்டியூ பல்கலைக்கழக மாணவர் இயன் மர்டொக் டெபியன் என்னும் தொகுப்பை அறிவித்தார். தொண்டர்கள் பலர் கூடிப் பேணும் அத்தொகுப்பு இன்றும் உலகின் எண்ணற்ற சேவையகங்களுக்கு அடித்தளமாக நிற்கின்றது.

நிறுவும் முறை அம்பாறை வேளாளர்க்கு விளங்காததன்று. முதலில் வன்தட்டைப் பிரிக்க வேண்டும். பெரிய வயலில் வரம்பு கட்டுவது போன்றது அது: முறைமைக்கு ஒரு பகுதி, மக்களின் கோப்புகளுக்கு ஒரு பகுதி, நினைவகம் நிறையும்பொழுது தற்காலிகமாக இறக்கி வைப்பதற்கு ஒரு பகுதி. இவ்விடத்தில் கைதவறினால் பழைய கோப்புகள் யாவும் அழிந்துவிடும். புதிதாகப் பயில்வோர் கண்ணீர் விட்டது பெரும்பாலும் இங்கேதான். அடுத்துக் கருநிரல் ஏறும். அதனை வட்டவிதானைக்கு ஒப்பிடலாம். எந்த வயலுக்கு எப்பொழுது எவ்வளவு நீர் என்று முறைவைத்துத் திறப்பவர் அவர்; எந்த நிரலுக்கு எத்துணை நேரம், எத்துணை இடம் என்று பங்கிடுவது அது. பின்னர் தலைமைப் பயனர்க்கு மறைசொல் இடவேண்டும், வலையமைப்பில் அக்கணினிக்கு மாறாத முகவரி தரவேண்டும். இன்னின்னார் இன்னின்ன கோப்பைப் படிக்கலாம், இன்னார் மட்டுமே திருத்தலாம் என்று வரையறுக்க வேண்டும். இறுதியில் திரையையும் விசைப்பலகையையும் கழற்றி வைத்துவிடலாம். அது மூலையில் இருந்தபடி இரவும் பகலும் விடை கூறிக்கொண்டிருக்கும். நேற்றுவரை ஒருவர் கடிதம் தட்டச்சிட்ட பொறி இப்பொழுது ஊருக்கே ஏடு காக்கும் பொறி.

கடற்கோளுக்கு இரண்டு மாதங்கள் முன்னர், 2004 ஒக்டோபர் 20 ஆம் நாள், உபுண்டு என்னும் தொகுப்பு டெபியனின் வழியில் வெளிவந்தது. விரும்பிக் கேட்டவர்க்கு அதன் இறுவட்டுகள் தபாலிலேயே இலவசமாக அனுப்பப்பட்டன; 2011 வரை அது நடந்தது. இணைய இணைப்பு மெதுவாக இருந்த நாடுகளில் தபாற்காரர் கொண்டுவந்த அந்த உறையின் அருமையை அனுபவித்தவரே அறிவர்.

மீண்டும் சஹானாவுக்கு வருவோம். அது கிழக்குக் கரையின் கண்ணீரையெல்லாம் துடைத்தது என்று கூறின் அது மிகையாகும். மின்சாரமும் தொலைபேசியும் அறுந்த ஊர்களிலிருந்து தாள்கள் தலைநகரைச் சேர நாட்கள் சென்றன. மகனைத் தேடிய தாய் திரையின் முன் அமரவில்லை, முகாம் முகாமாக நடந்தாள். உள்ளூரிலேயே சேவையகமும் அதனை நிறுவ வல்லவரும் இருந்திருந்தால் அவள் நடை குறைந்திருக்கும் என்று எண்ணுவதில் தவறில்லை. பணத்தடை நீங்கிய பின்னும் பயிற்சி என்னும் தடை எஞ்சியிருந்தது.

ஆயினும் அம்மென்பொருள் கடற்கோளோடு முடிந்துவிடவில்லை. சுவீடன் நாட்டு அரச உதவி நிறுவனத்தின் நிதியால் 2005 இல் அது திருத்தி எழுதப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபர் 8 ஆம் நாள் பாகிஸ்தானை நிலநடுக்கம் குலுக்கியபொழுது அங்கே சென்றது. 2006 பெப்ரவரியில் பிலிப்பைன்ஸின் கின்சோகன் கிராமத்தை மண்சரிவு மூடியபொழுதும், மே மாதத்தில் யாவாவின் யோக்கியகார்த்தாவில் நிலம் நடுங்கியபொழுதும் பயன்பட்டது. அவ்வந்நாட்டார் இலங்கையிடம் விலை பேசவில்லை, எடுத்துக்கொண்டனர், திருத்தினர். 2006 ஆம் ஆண்டுக்குரிய சமூகநல விருதைக் கட்டற்ற மென்பொருள் நிறுவகம் சஹானாவுக்கு அளித்தது. ஸ்டோல்மன் தொடங்கிய நிறுவகமே அது. முந்திய ஆண்டு அவ்விருதைப் பெற்றது விக்கிப்பீடியா.

2010 ஜனவரியில் ஹெயிட்டி நாட்டில் நிலநடுக்கம் நேர்ந்தபொழுது, பைதன் மொழியில் புதிதாக எழுதப்பட்ட சஹானா அங்கே பணிபுரிந்தது. நிரல் மாறியது, மொழி மாறியது. அதனை ஏற்கும் கணினியில் முதலில் செய்யும் வேலை மட்டும் மாறவில்லை: வன்தட்டில் வரம்பு கட்டவேண்டும், தலைமைப் பயனர்க்கு மறைசொல் இடவேண்டும், முகவரி தரவேண்டும். இன்று சொறிக்கல்முனையில் பழைய கணினியொன்றின் முன் அமரும் மாணவர்க்கும் திரை கேட்பது அதே மூன்று கேள்விகளைத்தான்.