கறுப்பு சாம்பலாகத் தெரிகிறதா? புரொஜெக்டருக்கு ஒரு லென்ஸ் பில்டர் செய்யக்கூடியதும் செய்யமுடியாததும்

மன்னாரில் வீட்டுக்குள் பெரிய திரை கட்டிப் படம் பார்ப்பவர்களிடம் நான் கேட்கும் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான். பகல் காட்சிகள் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். இரவுக் காட்சி வந்தால் வானமும் கடலும் கதாநாயகனின் தலைமுடியும் ஒரே சாம்பலாகிவிடும். கடையில் கேட்டால் புதியது வாங்கச் சொல்வார்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் அது எந்தக் குடும்பத்துக்கும் இலேசான முடிவல்ல. அதற்கு முன் முயன்று பார்க்கக்கூடிய மலிவான வழி ஒன்று உண்டு: கமராவுக்குப் போடும் கண்ணாடி பில்டரை புரொஜெக்டர் லென்ஸுக்கு முன்னால் வைப்பது. ஆனால் அது எல்லாருக்கும் பலன் தராது. வாங்குவதற்கு முன் உங்கள் புரொஜெக்டர் எந்த வகை, திரை எவ்வளவு பெரிது என்று தெரிந்துகொள்வது அவசியம்.

சாம்பல் எங்கிருந்து வருகிறது?

புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. வெளிச்சத்தைத் தடுக்க மட்டுமே முடியும். உள்ளே இருக்கும் எல்சிடி பலகையோ டிஎல்பி கண்ணாடிச் சில்லோ வெளிச்சத்தை முழுமையாகத் தடுப்பதில்லை. கொஞ்சம் கசிந்துகொண்டே இருக்கும். அந்தக் கசிவுதான் திரையில் சாம்பலாகத் தெரிகிறது.

விளக்கின் குணமும் இதில் சேர்கிறது. வீட்டுப் புரொஜெக்டர்களில் நீண்டகாலம் கோலோச்சியது பிலிப்ஸ் நிறுவனம் 1995இல் அறிமுகப்படுத்திய யூஎச்பி வகை விளக்கு. சுமார் 200 வளிமண்டல அழுத்தத்தில் பாதரச ஆவி எரியும் விளக்கு அது. பாதரச ஒளியில் பச்சையும் நீலமும் தாராளம், சிவப்பு பஞ்சம். அதனால்தான் 'டைனமிக்' மோடில் முகங்கள் பச்சை பாய்ந்து தெரிகின்றன.

திரைப்படங்களும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் வீட்டில் பார்ப்பதற்காக டி65 எனப்படும், ஏறத்தாழ 6500 கெல்வின் வெள்ளைக்கு நிறம் சரிசெய்யப்படுகின்றன. 'சினிமா' மோடுக்கு மாற்றும்போது புரொஜெக்டர் அந்த வெள்ளையை எட்டுவதற்குப் பச்சையையும் நீலத்தையும் மின்னணு முறையில் குறைக்கிறது. சிக்கல் அங்கேதான்: வெளிச்சம் குறைகிறது, கசிவு குறைவதில்லை.

கணக்கு எளிது. பச்சையின் உச்ச வெளிச்சம் 1000, கசிவு 1 என்று வைத்துக்கொள்வோம். மெனுவில் பாதியாகக் குறைத்தால் உச்சம் 500, கசிவு அதே 1. வேறுபாடு 500 மடங்கு. மெனுவைத் தொடாமல், பச்சையைப் பாதியாக்கும் பில்டரை லென்ஸுக்கு முன்னால் வைத்தால் உச்சம் 500, கசிவு 0.5. வேறுபாடு பழைய 1000 மடங்கிலேயே நிற்கும். வெள்ளையும் சரியாகிறது, கறுப்பும் ஆழமாகிறது. பில்டரின் பயன் முழுவதும் இவ்வளவுதான்.

எந்த பில்டர்?

சிசி30ஆர்: மெல்லிய சிவப்புச் சாயல். பச்சையையும் நீலத்தையும் ஏறத்தாழ பாதியாக்கி, சிவப்பை விட்டுவிடும். சிவப்புப் பஞ்சம் உள்ள பாதரச விளக்குக்கு மிகப் பொருத்தமானது.

எஃப்எல்-டி: மஜெந்தா சாயல். முக்கியமாகப் பச்சையைக் குறைக்கும். பிலிம் காலத்தில் டியூப்லைட் வெளிச்சத்தில் படமெடுக்கும்போது பச்சை பாயாமலிருக்கப் பயன்பட்டது. டிஜிட்டல் கமரா வந்த பின் இதற்கு வேலையில்லை. பிலிம் காலத்திலிருந்து தொழில் செய்யும் ஸ்டூடியோக்காரர் யாரையாவது தெரிந்தால், புதிதாக வாங்குவதற்கு முன் அவரிடம் ஒன்று கிடக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

என்டி2: நிறம் மாற்றாமல் எல்லா வெளிச்சத்தையும் பாதியாக்கும். வேறுபாட்டை இது கூட்டாது. வெளிச்சம் தேவைக்கு அதிகமாக இருக்கும் சிறிய திரையில் சாம்பலை அடக்க மட்டும் உதவும்.

பொலரைஸர் வேண்டாம். எல்சிடி புரொஜெக்டரின் ஒளி ஏற்கெனவே ஒரு திசைப்பட்டது. பொலரைஸரைத் திருப்பத் திருப்பப் படம் பச்சைக்கும் மஜெந்தாவுக்கும் தாவலாம்.

எதை வாங்கினாலும் இரு பக்கமும் கோட்டிங் உள்ள கண்ணாடியாகப் பாருங்கள். கோட்டிங் இல்லாத கண்ணாடி ஒளியை லென்ஸுக்கே திருப்பி அனுப்பி, வென்ற கறுப்பில் ஒரு பங்கைத் தோற்கடிக்கும்.

உங்களிடம் வெளிச்சம் மிச்சம் உண்டா?

டிஜிட்டல் திரையரங்குத் திரைக்கான தர அளவு சதுர மீற்றருக்கு 48 கண்டெலா. சினிமா மோடில் 1000 லூமென் தரும் புரொஜெக்டர், சாதாரண வெள்ளைத் திரையில் 100 அங்குலப் படத்துக்கு ஏறத்தாழ 115 கண்டெலா கொடுக்கும். பாதியை பில்டர் விழுங்கினாலும் 57 மிஞ்சும். தாராளமாகப் போடலாம்.

அதே புரொஜெக்டரைத் தேவாலய முற்றத்திலோ விளையாட்டுக் கழகத்திலோ 150 அங்குலத் திரைக்கு வைத்தால் கிடைப்பது சுமார் 51 மட்டுமே. அங்கே பில்டர் போட்டால் படம் மங்கிவிடும். திறந்தவெளிக் காட்சிக்கு அதைக் கழற்றிவிடுங்கள்.

பெட்டியில் அச்சிட்ட லூமென் எண்ணை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அது டைனமிக் மோடின் உச்சம். சினிமா மோடில் கணிசமாகக் குறையும். விளக்கும் தன் ஆயுள் முடிவில் பாதி வெளிச்சத்துக்கு இறங்கிவிடும். ஆகவே புது விளக்குக்கு பில்டர் போடுங்கள். விளக்கு முதுமையடைந்து படம் மங்கத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள்.

பொருத்தும் முறை

பல வீட்டுப் புரொஜெக்டர்களின் லென்ஸில் பில்டர் திருகும் மரை இருக்காது. கறுப்பு அட்டையில் வளையம் வெட்டி, பில்டரை அதில் பதித்து, புரொஜெக்டருக்கு முன்னால் தனித் தாங்கியில் நிறுத்தலாம். லென்ஸில் எதையும் ஒட்டவேண்டாம். ஒளிக்கற்றை முழுவதும் பில்டருக்குள் அடங்க வேண்டும். வெப்பக்காற்று வெளியேறும் வழியை மறிக்கக் கூடாது. அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூட்டைத் தொட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் தாள் பில்டர்கள் சூட்டில் நெளியும்.

பின்னர் மெனுவில் குறைத்து வைத்திருந்த பச்சையையும் நீலத்தையும், சாம்பல் படிகள் உள்ள சோதனைப் படம் நிறம் பாயாமல் தெரியும்வரை உயர்த்துங்கள். இதைச் செய்யாமல் விட்டால் படம் சிவந்துபோகும். பில்டர் போட்ட பயனும் கிடைக்காது. கைத்தொலைபேசிக் கமராவில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அது தானாகவே வெள்ளையைச் சரிசெய்துகொள்ளும்.

உப்புக்காற்று

தீவின் தென்கரையில் தம்பபவனி காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று வீட்டுக்குள் நுண்மணலையும் உப்பையும் கொண்டுவருகிறது. லென்ஸில் படியும் உப்புப் படலம் ஒளியைச் சிதறடித்துக் கறுப்பை வெளுக்க வைக்கும். சோளகம் வீசும் மாதங்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். மணலை ஊதி அகற்றிய பிறகே மென்துணியால் துடையுங்கள். இல்லையேல் கீறல் விழும். முன்னால் ஒரு பில்டர் இருந்தால் உப்பின் பெரும்பகுதியை அதுவே ஏற்கும்.

யாருக்கு உதவாது?

எல்இடி, லேசர் புரொஜெக்டர்களின் ஒளி வேறு விதமானது. மேலே சொன்ன சிவப்புப் பஞ்சக் கணக்கு அவற்றுக்கு அப்படியே பொருந்தாது. எப்சனின் சில ஹோம் தியேட்டர் ரகங்களில் சினிமா மோடுக்கென உள்ளேயே ஒரு பில்டர் உண்டு. அதற்கு மேல் இன்னொன்று தேவையில்லை. கைக்கடக்கமான மலிவு எல்இடி பெட்டிகளுக்கு இருக்கும் வெளிச்சமே போதாது.

வெள்ளைச் சுவரும் திறந்த யன்னலும் உள்ள அறையில் எந்த பில்டரும் தோற்கும். திரையிலிருந்து சுவருக்குப் போன வெளிச்சம் திரும்பி வந்து கறுப்பின் மேல் விழும். ஆகவே முதலில் யன்னலுக்குத் தடித்த திரைச்சீலை, அடுத்து லென்ஸைச் சுத்தம் செய்வது, பிறகு சினிமா மோடு. இம்மூன்றும் செய்தும் இரவுக் காட்சி சாம்பலாகவே இருந்தால், விளக்கும் பாதரச வகையாக இருந்தால், பில்டருக்குக் காசு கொடுங்கள்.