துரை வளர்த்த காடும் வேரறுக்கப்பட்ட சனமும்

சேலம், நாமக்கல் பக்கத்துச் சேரிகளில் களப்பணிக்குப் போனால், "எங்க பாட்டன் கண்டிச்சீமைக்குப் போனவரு" என்று சொல்லும் பெரியவர் ஒருவராவது இருப்பார். போனவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. ஆனால் அவர்கள் நடந்துபோன வழியில், ஒரு துரையின் பெயரில் மரப்பூங்கா இருக்கிறது.

இலங்கையின் தம்புள்ளையில் உள்ள பொப்ஹாம் மரப்பூங்காவைச் சொல்கிறேன். தேயிலைத் தோட்டத் துரையாக இருந்த சாம் பொப்ஹாம் என்ற ஆங்கிலேயர் 1963இல் அதைத் தொடங்கினார். சேனைப் பயிர் செய்து கைவிடப்பட்ட, முள் மண்டிய நிலம் அது. முதலில் கன்றுகளை நட்டார், சரிவரவில்லை. முட்புதரை வெட்டி விலக்கிய இடத்தில் அந்த மண்ணுக்குரிய மரங்கள் தாமாகவே முளைத்து எழுவதைப் பிறகுதான் கவனித்தார். நடுவதை விட்டு, தடையை நீக்குவதையே வேலையாக்கினார். முதிரையும் கருங்காலியும் வளரும் வறண்ட நிலக் காடு திரும்பி வந்தது. பின்னர் அது கண்டியிலுள்ள ஆய்வு நிறுவனம் ஒன்றின் பொறுப்புக்குப் போனது. இன்று யாரும் போய்ப் பார்க்கலாம். நல்ல காரியம், மறுக்கவில்லை.

ஆனால் தேயிலைச் செல்வத்தின் மறுமுனையில் இருந்தவர்கள் யார்? 19ஆம் நூற்றாண்டில் சேலம், திருச்சி, மதுரை ஜில்லாக்களில் கங்காணிகள் ஆள் பிடித்தார்கள். பஞ்சமும் பண்ணையடிமை முறையும் துரத்த, முதலில் காப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் போனவர்களில் பெரும்பங்கினர் பள்ளர், பறையர், அருந்ததியர். ரயில் வருவதற்கு முன்பு மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் விழுந்தவர்கள் வழியிலேயே கிடந்தார்கள். தப்பிப் பிழைத்தவர்களைக் கங்காணியின் கடன் கட்டிப்போட்டது.

மலையை மலையாக உழைத்துச் செழிக்க வைத்த அந்த மக்களின் குடியுரிமையை இலங்கையின் 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. தம்புள்ளையில் மரங்கள் வேர்விடத் தொடங்கிய மறு ஆண்டு, 1964 அக்டோபரில், சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார்கள். அந்த மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்படித் திரும்பி வந்தவர்களை ஊர் மறுபடியும் சேரியில்தான் நிறுத்தியது. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் சாதிச் சான்றிதழுக்கும் வீட்டுமனைப் பட்டாவுக்கும் மனுவோடு அலைவதை நான் பார்க்கிறேன். அரசு அவ்வப்போது இலவசத் திட்டம் ஒன்றை நட்டுவிட்டுப் போகிறது.

அந்தத் துரை மண்ணிடம் கற்றுக்கொண்டதைத்தான் நாமும் கேட்கிறோம். எங்களை யாரும் நட்டு வளர்க்க வேண்டாம். முள்ளை வெட்டுங்கள், போதும்.