'புலி வந்துவிட்டது': தெமட்டகொடையில் நான் கேட்ட கதைகளும் அவற்றின் உண்மையும்

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. பிற்பகலில் எங்கள் வீட்டு யன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. தெமட்டகொடை மஹவில கார்டன்ஸில் ஒரு வீட்டைச் சோதனையிடச் சென்ற மூன்று பொலிஸார் குண்டு வெடித்து இறந்துபோனார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அது உண்மைச் செய்தி. ஆனால் இருட்டுவதற்குள் எங்கள் ஒழுங்கைக்குள் ஏழெட்டுக் கதைகள் வந்துவிட்டன. "தம்பி, தண்ணிக்குள்ள நஞ்சு கலந்திட்டாங்களாம். பைப்பத் திறக்காத" என்றார் அம்மா. யார் சொன்னது என்று கேட்டேன். "எல்லாரும் சொல்லுறாங்கள்" என்றார்.

குழாய்த் தண்ணீரில் நஞ்சில்லை என்று அதிகாரிகள் மறுத்தார்கள். ஆனாலும் அம்மா இரண்டு நாள் போத்தல் தண்ணீர்தான் குடித்தார். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். 1983இல் இதே தெமட்டகொடையில், ஒரு பொய்க் கதையால் தன் தம்பியைப் பறிகொடுத்தவர் அவர்.

இந்த நாட்டில் வதந்தி பொழுதுபோக்குப் பேச்சு அல்ல. அது ஆட்களைக் கொன்றிருக்கிறது. 'வெறும் வதந்தி' என்று சொல்லியே சில உண்மைகளை மூடியும் இருக்கிறார்கள். நான் கேட்டு வளர்ந்த ஐந்து கதைகளையும், அவற்றின் பின்னால் உண்மையில் நடந்ததையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

1958: பாணந்துறை ஆசிரியை

கதை: மட்டக்களப்பில் படிப்பித்த பாணந்துறையைச் சேர்ந்த சிங்கள ஆசிரியை ஒருவரின் மார்பகங்களை வெட்டித் தமிழர்கள் கொன்றுவிட்டார்கள்.

நடந்தது: அப்படி ஒரு ஆசிரியையே இருக்கவில்லை. பாணந்துறையைச் சேர்ந்த எந்தப் பெண்ணும் அப்போது மட்டக்களப்பில் ஆசிரியையாக இல்லை என்பது பின்னர் நடந்த விசாரணையில் தெரியவந்தது. ஆனால் அதற்குள் பாணந்துறைக் கோயிலின் ஐயரைக் கும்பல் வெளியே இழுத்து உயிரோடு எரித்துவிட்டது. அந்த நாட்களைப் பதிவு செய்த சிங்களப் பத்திரிகையாளர் டார்சி விட்டாச்சியின் 'எமர்ஜென்சி 58' என்ற நூல் இலங்கையில் தடை செய்யப்பட்டது.

வதந்தி தெருவில் மட்டும் பிறக்கவில்லை. மே 26ஆம் திகதி பிரதமர் பண்டாரநாயக்க வானொலியில் பேசியபோது, நுவரெலியாவின் முன்னாள் மேயர் செனவிரத்ன கிழக்கில் கொல்லப்பட்டதிலிருந்தே கலவரம் தொடங்கியது என்று எண்ணும்படி பேசினார். ஆனால் பொலன்னறுவையில் ரயில் பயணிகள் தாக்கப்பட்டது அந்தக் கொலைக்குச் சில நாள் முன்பே. நாட்டின் தலைவரே காரணத்தையும் விளைவையும் மாற்றிச் சொன்னால், தெருவில் நிற்பவன் எதை நம்புவான்? மறுநாள்தான் அவசரகாலச் சட்டம் வந்தது.

1983: 'கொட்டியா ஆவா'

அப்போது எனக்கு ஒன்பது வயது. யூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் புலிகளின் தாக்குதலில் கொல்லப்பட்டார்கள். மறுநாள் மாலை பொரளை கனத்தை மயானத்தில் அவர்களுக்கு இறுதிச் சடங்கு நடக்கவிருந்தது. அங்கே கூடிய கூட்டத்திலிருந்துதான் எரிப்பு தொடங்கியது. பொரளையிலிருந்து தெமட்டகொடைக்கு நடந்தே வரலாம். திங்கட்கிழமை எங்கள் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா எங்களைத் தன் வீட்டின் பின்னறையில் வைத்துப் பூட்டினார். அன்று பேஸ்லைன் வீதியில் இருக்கும் வெலிக்கடைச் சிறையில் 35 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். புதன்கிழமை இன்னும் 18 பேர். இவை எவையும் அந்த அறைக்குள் எங்களுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை, யூலை 29, காலையில் கொழும்பு அடங்கியிருந்தது. பலர் வேலைக்குத் திரும்பினார்கள். முகாம்களில் இருந்த உறவுகளைப் பார்க்கவும் ஆட்கள் வெளிக்கிட்டார்கள். "இனிப் பிரச்சினை இல்லை, கடையைப் பார்த்துவிட்டு வாறன்" என்று மாமாவும் புறக்கோட்டைக்குப் போனார்.

முற்பகலில் புறக்கோட்டைப் பக்கம் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. அதோடு ஒரு கதை ஓடியது: 'கொட்டியா ஆவா', புலி வந்துவிட்டது. கொழும்புக்குள் புலிகள் புகுந்து இராணுவத்தோடு சண்டை பிடிக்கிறார்கள் என்றார்கள். அலுவலகங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கோட்டையை விட்டு ஓடினார்கள். பயம் கொஞ்ச நேரத்தில் வெறியானது. பொல்லும் கத்தியும் எடுத்த கும்பல்கள் தெருவில் கண்ட தமிழர்களை 'புலி' என்று சொல்லி அடித்தும் எரித்தும் கொன்றன. மாமா திரும்பி வரவேயில்லை.

நடந்தது என்ன? அன்று கொழும்பில் புலிகளின் தாக்குதல் எதுவும் நடக்கவில்லை. அந்தக் காலத்தில் அவர்கள் வடக்கைத் தளமாகக் கொண்ட ஒரு சிறு குழு. புறக்கோட்டையில் சண்டை பிடிக்க அங்கே யாரும் இருக்கவில்லை.

அதே நாட்களில் தமிழர்களிடையே இன்னொரு பேச்சும் இருந்தது: 'வந்தவர்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது.' வெளியார் பலர் இதை மிகைப்படுத்தல் என்றார்கள். ஆனால் நேரில் கண்ட பலர் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். சர்வதேச சட்டவல்லுநர்கள் ஆணைக்குழுவுக்காக போல் சீகார்ட் 1984இல் எழுதிய அறிக்கை, இந்த வன்முறை தானாகக் கிளம்பிய மக்கள் கோபமல்ல, திட்டமிட்டு நடத்தப்பட்டது என்ற முடிவுக்கு வந்தது. ஒரே கிழமையில் ஒரே தெருவில் இரண்டு கதைகள். ஒன்று பொய், மற்றது மெய். பொய்யை நம்பியவர்களின் கையில் கத்தி இருந்தது. மெய்யைச் சொன்னவர்களின் கையில் ஒன்றும் இருக்கவில்லை.

2011: கிறீஸ் பூதம்

'கிறீஸ் யக்கா' பழைய சிங்களக் கிராமக் கதை. உடம்பு முழுக்கக் கிறீஸ் பூசிய கள்ளன். பிடித்தால் வழுக்கிக்கொண்டு ஓடிவிடுவான். 2011 ஓகஸ்டில் அவன் மலையகத்திலும் கிழக்கிலும் புத்தளத்திலும் கடைசியில் யாழ்ப்பாணத்திலும் 'மர்ம மனிதன்' என்ற பெயரில் தோன்றினான். இரவில் பெண்களைத் தாக்குகிறான் என்றார்கள். புதையல் எடுக்கவும் பரிகாரம் செய்யவும் பெண்களின் இரத்தம் தேவைப்படுகிறதாம் என்றும் சொன்னார்கள்.

இதில் பொய்யையும் மெய்யையும் பிரிப்பது கடினம். பூதம் இல்லை. இரத்தக் கதைக்கு எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை. ஹப்புத்தளைப் பகுதியில் சந்தேகத்தின் பேரில் இரண்டு பேர் அடித்துக் கொல்லப்பட்டார்கள். புத்தளத்தில் கூட்டத்தின் நடுவே ஒரு பொலிஸ்காரர் உயிரிழந்தார். இவை வதந்தியின் பலிகள்.

ஆனால் பெண்கள் தாக்கப்பட்டதாகச் செய்யப்பட்ட முறைப்பாடுகள் கற்பனை அல்ல. பல ஊர்களில் மக்கள் சொன்னது ஒன்றே: துரத்திக்கொண்டு போனோம், அவன் படைமுகாம் பக்கமாக ஓடி மறைந்தான். படையினர் அதை மறுத்தார்கள். ஓகஸ்ட் 22 இரவு யாழ்ப்பாணம் நாவாந்துறையில் மர்ம மனிதர்களைத் துரத்திய மக்கள் இராணுவத்தோடு முரண்பட்டார்கள். நள்ளிரவுக்குப் பின் படையினர் வீடு வீடாகப் புகுந்து, நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்களை அடித்து இழுத்துச் சென்றார்கள். அவர்கள் காயங்களோடு நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டதை யாழ்ப்பாணம் முழுக்கப் பார்த்தது. மூன்று நாள் கழித்து, ஓகஸ்ட் 25இல், அவசரகாலச் சட்டத்தை நீக்குவதாக ஜனாதிபதி பாராளுமன்றத்தில் அறிவித்தார். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று பலர் நம்பினார்கள். அது நம்பிக்கை, நிரூபணம் அல்ல. நிரூபணமானது அந்த ஆண்களின் காயங்கள்தான்.

கிறீஸ் பூதத்தை நம்பிய மக்களைக் கொழும்பில் சிலர் கேலி செய்தார்கள். முப்பது வருடமாக இரவில் கதவு தட்டப்படுவதைக் கேட்டுப் பயந்து வாழ்ந்தவர்களுக்கு, போர் முடிந்து இரண்டே வருடத்தில், அந்தப் பயம் ஒரு உருவம் எடுத்து வந்தது. முறைப்பாட்டை ஒழுங்காக விசாரித்திருந்தால் பூதம் ஒரு கிழமையில் ஓடியிருக்கும்.

2018: கொத்துரொட்டியில் மலட்டு மாத்திரை

2018 பெப்ரவரி கடைசியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் உணவுக்குள் ஏதோ கட்டியாகக் கிடந்தது. சிங்களவர்களை மலடாக்கும் மாத்திரை என்று கதை கிளம்பியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது வெறும் மாக்கட்டி. நிரந்தரமாக மலடாக்கும் அப்படியொரு மாத்திரை உலகில் எங்குமே இல்லை என்று உலக சுகாதார நிறுவனமும் விளக்கியது. அதற்குள் கண்டியில் திகன எரிந்துவிட்டது.

அடுத்த வருடம், உயிர்த்த ஞாயிறுக்குப் பின், அதே கதை வெள்ளை உடுப்புப் போட்டு வந்தது. ஒரு முஸ்லிம் வைத்தியர் 4,000 சிங்களப் பெண்களை இரகசியமாக மலடாக்கிவிட்டார் என்று ஒரு சிங்களப் பத்திரிகை முதற்பக்கத்தில் எழுதியது. குருநாகல் வைத்தியர் ஷாபி கைது செய்யப்பட்டார். ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்தில் சொன்னது. நிறுத்திவைக்கப்பட்ட சம்பளம் 2022இல் கிடைத்தபோது, மருந்து வாங்கும்படி அதை அரசுக்கே அவர் திருப்பிக் கொடுத்தார்.

இதைத் தமிழ் வாசகர்களுக்கு ஏன் சொல்கிறேன்? இந்தக் கதை எங்கள் கைப்பேசிகளிலும் சுற்றியது. பாணந்துறை ஆசிரியையின் கதையால் எரிக்கப்பட்ட சமூகம் நாங்கள். எங்கள் ஆட்களே, 'நெருப்பில்லாமல் புகையுமோ' என்று கேட்டு அதைப் பகிர்ந்ததை நான் பார்த்தேன்.

வெள்ளை வான்: கதை அல்ல

இலக்கத் தகடு இல்லாத வெள்ளை வான் வரும், ஆளைத் தூக்கும், ஆள் திரும்பி வராது. 2006க்குப் பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எங்கள் பக்கத்திலும் இதைக் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவோம். அதிகாரத்தில் இருந்தவர்கள் இதைக் கட்டுக்கதை என்றார்கள், புலிகளின் பிரசாரம் என்றார்கள், கப்பக்காரர்களின் வேலை என்றார்கள்.

2008இலும் 2009இலும் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் 11 பேர் கடத்தப்பட்டார்கள். பெரும்பாலோர் தமிழ், முஸ்லிம் இளைஞர்கள். கடற்படை அதிகாரி ஒருவரின் அறையில் காணாமல் போனவர்களின் அடையாள அட்டைகள் கிடைத்த பின் விசாரணை தொடங்கியது. திருகோணமலைக் கடற்படைத் தளத்தின் நிலத்தடி அறைகளில் அவர்கள் அடைக்கப்பட்டிருந்ததாகப் புலனாய்வாளர்கள் நீதிமன்றத்துக்கு அறிவித்தார்கள். 2019இல் முன்னாள் கடற்படைத் தளபதி உட்பட 14 பேர் மீது குற்றப்பத்திரம் தாக்கலானது. 2021இல், அந்தத் தளபதி மீதான குற்றச்சாட்டுகளைத் தொடரப்போவதில்லை என்று சட்டமா அதிபர் அறிவித்தார்.

ஆகவே வெள்ளை வான் வதந்தி அல்ல. பிள்ளை எங்கே என்று 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் இருந்த தாய்மார் கதை கட்டவில்லை.

ஒரு கதை வந்தால் நான் பார்ப்பவை

முதலாவது, பெயரும் இடமும் திகதியும் உண்டா? பாணந்துறை ஆசிரியைக்குப் பெயர் இருக்கவில்லை. காணாமல் போனவர்களுக்குப் பெயரும், திகதியும், அழுகிற தாயும் உண்டு.

இரண்டாவது, கண்டவர் யார்? 'எல்லாரும் சொல்லுறாங்கள்' என்றால் ஒருவரும் காணவில்லை என்றே எடுக்கிறேன்.

மூன்றாவது, இந்தக் கதையை நம்பினால் யாருக்கு அடி விழும்? ஒரு முழுச் சமூகத்துக்கு என்றால், அனுப்புகிற விரலை நிறுத்துகிறேன்.

நான்காவது, அரசு மறுத்தது என்பதால் மட்டும் ஒன்று பொய்யாகாது. அரசு சொன்னது என்பதால் மெய்யாகவும் ஆகாது. 2019 ஏப்ரலில் 359 பேர் இறந்தார்கள் என்று சொல்லிவிட்டு, ஒரே நாளில் 253 ஆகக் குறைத்தார்கள். தேடப்படுவோர் பட்டியலில் சம்பந்தமே இல்லாத ஒரு அமெரிக்க மாணவியின் படத்தைப் போட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டார்கள்.

அம்மாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. 'புலி வந்ததாலதான் தம்பியக் கொண்டவங்கள்' என்றே நெடுங்காலம் சொல்லிவந்தார். அன்று புலி வரவில்லை என்பதை நான் படித்துச் சொன்ன நாளில் அவர் கன நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அவன ஒண்டுமில்லாததுக்கா கொண்டவங்கள்?" என்று கேட்டார்.

இப்போது வட்ஸ்அப்பில் ஏதும் வந்தால் அம்மா அதை யாருக்கும் அனுப்புவதில்லை. கைப்பேசியை என்னிடம் நீட்டி, "இத ஆர் கண்டதாம்?" என்று மட்டும் கேட்கிறார்.