இரு பட்டியல்களிலிருந்து அகராதி அமைத்தல்

நிரலாக்கத்தில் அகராதி என்பது, திறவுகோலைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பை எடுத்துத் தரும் தரவமைப்பு. திறவுகோல்கள் ஒரு பட்டியலிலும் மதிப்புகள் வேறொரு பட்டியலிலும் இருந்தால், முதலாவதை முதலாவதோடும் இரண்டாவதை இரண்டாவதோடும் சேர்த்து அகராதி அமைப்பார்கள். பைத்தானில் இது ஒரே வரி வேலை. ஆனால் இரண்டு பட்டியல்களின் நீளமும் ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு விடை சொல்லிவந்திருக்கிறது.

ஜான் மெக்கார்த்தி 1960இல் வெளியிட்ட லிஸ்ப் கட்டுரையிலேயே இதற்கென 'பேர்' என்ற செயற்கூறு உண்டு. 1962ஆம் ஆண்டின் லிஸ்ப் 1.5 கையேட்டில் அது 'பேர்லிஸ்' ஆனது. அங்கே இது ஓரத்தில் கிடந்த வசதி அல்ல; மொழிமாற்றியின் இதயமே இதுதான். பரப்பளவு காணும் செயற்கூறு ஒன்றுக்கு 'நீளம்', 'அகலம்' என இரண்டு அளபுருக்கள் இருப்பதாகக் கொள்வோம். அதை 12, 8 என்று கொடுத்து அழைத்தால், பேர்லிஸ் பெயர்ப் பட்டியலையும் மதிப்புப் பட்டியலையும் கோத்து நீளம்–12, அகலம்–8 என்ற இணைகளாக்கி, ஏற்கெனவே இருக்கும் இணைப்பட்டியலின் தொடக்கத்தில் சேர்க்கும். செயற்கூற்றின் உடலில் 'நீளம்' வரும்போது தேடல் முன்னாலிருந்து தொடங்குவதால், புதிய இணையே முதலில் அகப்படும். அதே பெயரில் பழைய இணை இருந்தால் அது அழிவதில்லை. அழைப்பு முடிந்ததும் மீண்டும் செல்லுபடியாகும். ஒரு செயற்கூற்றை அழைப்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தைக் காண்பது அரிது.

நீளப் பொருத்தத்தில் லிஸ்ப் கறாராக இருந்தது. முதல் பட்டியல் குறைந்தால் ஒரு பிழைச்செய்தி, இரண்டாவது குறைந்தால் வேறொன்று எனக் கையேடு இரண்டையும் தனித்தனியே குறிக்கிறது.

லிஸ்பின் இணைப்பட்டியலில் ஒரு பெயரைத் தேட ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். பட்டியல் நீண்டால் தேடலும் நீளும். திறவுகோலைக் கொண்டே இருப்பிடத்தைக் கணக்கிடும் ஹேஷ் முறையை ஐபிஎம்மின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1953இலேயே முன்வைத்திருந்தார். 1977இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த ஆக் போன்ற மொழிகள் சொல்லையே சுட்டெண்ணாக ஏற்கும் அணிகளை அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தன. இதில் ஒரு முக்கியமான மாற்றம் நிகழ்ந்தது. இத்தகைய அகராதியில் ஒரு திறவுகோலுக்கு ஒரு மதிப்புதான். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் பிந்தியது முந்தியதை அழித்துவிடும். ஊர்ப் பெயர்களையும் அஞ்சல் எண்களையும் கோக்கும்போது ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் இருந்தால், ஒன்று சத்தமில்லாமல் காணாமல் போகும்.

2000 அக்டோபரில் வந்த பைத்தான் 2.0 'ஜிப்' செயற்கூற்றைச் சேர்த்தது. அதற்கு முன் 'மேப்' செயற்கூற்றைச் சற்று வளைத்துத்தான் இதைச் செய்தார்கள்; அது குறைந்த பட்டியலை வெற்று மதிப்பால் நிரப்பிவிடும். பேரி வார்சா எழுதிய முன்மொழிவின்படி அமைந்த ஜிப், குறைந்த பட்டியல் முடியும் இடத்திலேயே நின்றுவிடும். அடுத்த ஆண்டு 2.2 பதிப்பில் இணைகளிலிருந்து நேரே அகராதி அமைக்க முடிந்ததும் இரண்டும் கைகோத்தன. 2003இல் 2.3 பதிப்போடு வந்த, அட்டவணைக் கோப்புகளுக்கான சிஎஸ்வி நூலகத்தின் 'டிக்ட்ரீடர்' இதே வழியில் தலைப்பு வரிசையையும் தரவு வரிசையையும் கோக்கிறது. ஆனால் தரவு மிஞ்சினால் அதைத் தனித் திறவுகோலில் சேர்த்து வைக்கிறது. குறைந்தால் வெற்று மதிப்பை இடுகிறது. மிஞ்சியதைத் தொலைக்காத நல்ல ஏற்பாடு இது.

இதே வேலைக்கு பிஎச்பி மொழியின் 5ஆம் பதிப்பு (2004) தந்த 'அரே கம்பைன்' செயற்கூறு, எண்ணிக்கை பொருந்தாதபோது எச்சரித்து 'பொய்' என்ற மதிப்பைத் திருப்பியது. 2020இல் வந்த பிஎச்பி 8 அதை முழுப் பிழையாக்கிவிட்டது.

பைத்தானிலும் ஜிப்பின் மௌனம் சிக்கலாகவே இருந்தது. பைத்தான் நிரலை மரவடிவில் கையாளும் அதன் சொந்த நூலகத்தில், அகராதிக் கணுவின் திறவுகோல்களும் மதிப்புகளும் இரண்டு தனிப் பட்டியல்களாக இருக்கின்றன. கையால் அமைத்த கணுவில் ஒன்று குறைந்தால், அதைப் படிக்கும் செயற்கூறு மிஞ்சியதைச் சொல்லாமலே உதறியது. மொழியை உருவாக்கியவர்களின் கண்ணுக்கே தப்பிய இந்தப் பிழையையும் சான்றாகக் காட்டிய முன்மொழிவு ஏற்கப்பட்டு, 2021இல் 3.10 பதிப்பில் ஜிப்புக்கு 'ஸ்ட்ரிக்ட்' என்ற தெரிவு வந்தது. அதை இட்டால் நீளம் பொருந்தாதபோது பிழை எழும். பழைய நிரல்கள் உடையாதிருக்க, இடாவிட்டால் பழைய நடத்தையே தொடரும்படி விட்டார்கள். ஆகவே 1962இல் லிஸ்ப் தானாகவே செய்த சோதனையைப் பைத்தானில் நிரலர் கேட்டுத்தான் பெற வேண்டும்.